பிரஷ் கழுவும் இட்லிச் சட்டி

தெற்குக் காற்று நின்று வடக்குக் காற்று தொடங்குவதற்கு நடுவே, எந்தப் பக்கத்திலிருந்தும் எதுவும் அடிக்காமல் கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்க, வெயிலில் படுத்த நாய்கூட எழுந்து நிழலுக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசித்த ஒரு மாதத்தில், மணல்குடியில் பிலோமி தன் வீட்டு இட்லிச் சட்டியைப் பிரஷ் கழுவும் சட்டியாக மாற்றினாள். அதற்குப் பிறகு ஊரில் நடந்த கூத்துக்கெல்லாம் பிலோமியைக் குறை சொன்னவர்கள் நிறையப் பேர் உண்டு, சட்டியைக் குறை சொன்னவர்கள் ஒருவரும் இல்லை.

கரையில் நிற்கிற வள்ளங்களுக்குப் பேரும் நம்பரும் எழுதுவது பிலோமியின் வேலை. முன்னே அது அவள் புருஷன் ராயப்புவின் வேலையாக இருந்தது. ஒரு வள்ளத்துக்கு ‘ஆரோக்கிய மாதா’ என்று எழுதிக்கொண்டிருந்தபோது, ‘ஆரோக்கிய’ முடிந்து ‘மா’வுக்குக் கால் இழுக்கையில் ராயப்பு அப்படியே சாய்ந்தார், ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வரும்போது வலது கையும் வலது காலும் அவரோடு வரவில்லை, பேச்சும் வரவில்லை. மறுநாள் வள்ளம் கடலுக்குப் போக வேண்டியிருந்ததால் ‘மா’வின் காலைப் பிலோமி இழுத்து முடித்தாள், அதோடு ‘தா’வையும் எழுதினாள், அதற்கடுத்த வள்ளத்தையும் எழுதினாள். எழுதச் சொல்லி அவளிடம் யாரும் கேட்கவுமில்லை, எழுத வேண்டாம் என்று சொல்லவுமில்லை.

ராயப்புவிடம் மிச்சமிருந்தது ‘ஆங்’ என்கிற ஒரே சத்தம். கஞ்சி வேணுமா என்றால் ஆங். போதுமா என்றால் அதற்கும் ஆங். வலிக்கிறதா, ஆங். வலிக்கவில்லையே, ஆங். எதைக் கேட்டாலும் அதுவே வருகிறதென்று தெரிந்த பிறகு ஜனங்கள் அவரைக் கேட்பதை விட்டுவிட்டார்கள். பிலோமியும் ஒருநாள் விட்டுவிட்டாள், எந்த நாள் என்று அவளுக்கே நினைவில்லை. விடிந்ததும் அவரைத் துடைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டி, கரைக்கு ஓடி, உச்சிக்கு வந்து மறுபக்கம் புரட்டி, திரும்பக் கரைக்கு ஓடி, மூணு மணிக்கு இன்னொரு தடவை வந்து புரட்டி, புரட்டாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்று பயந்து பயந்து, அந்தப் பயத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்ததில், சாயங்காலமானால் பிரஷ்ஷைக் கழுவக்கூட அவளுக்குக் கையில் தெம்பு இருக்காது. பிரஷ்ஷெல்லாம் காய்ந்து விறகாகிவிடும்.

உடம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிற இந்த அலுப்புக்கு மணல்குடியில் சடவு என்று பேர்.

ஊர்த் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, மலையடிவாரத்தில் கைகால் விளங்காதவர்களுக்கு இல்லம் நடத்தும் சிஸ்டர் பெனிற்றா வந்து, பிலோமியை ஜன்னலுக்கு வெளியே கூப்பிட்டு, ராயப்புவை அங்கே அனுப்பிவிடச் சொன்னார். "நீ விழுந்துட்டா ரெண்டு பேரையுமில்ல நாங்க தூக்கிட்டுப் போவணும், பிலோமி" என்றார். பிலோமி உள்ளே எட்டிப் பார்த்தாள். ராயப்பு கண்ணை மூடிக் கிடந்தார். "திருவிழா கொடி எறங்கின மறுநா வண்டிய அனுப்புங்க, சிஸ்டர்" என்று மெதுவாகச் சொன்னாள். அன்றிலிருந்து அவளால் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பாள், நினைத்த மட்டில் அசந்து தூங்கிவிடுவாள்.

அந்த நாட்களில்தான் இட்லிச் சட்டி. ராயப்புவுக்குக் கஞ்சியைத் தவிர எதுவும் இறங்காது, தனக்கென்று ஒருத்தி மாவாட்டவா போகிறாள், பரணில் சும்மா கிடந்தது. பிலோமி சட்டியை இறக்கித் தூசி தட்டி, ஒற்றை இட்லித் தட்டை மட்டும் எடுத்து, குழிகள் மேடாகத் தெரியும்படி கவிழ்த்து உள்ளே வைத்தாள். மேடெல்லாம் ஓட்டை, பிரஷ்ஷைத் தேய்க்கத் தோதாக இருந்தது. தட்டு முங்கி அதற்கு மேலே இரண்டு விரக்கடை நிற்கும்படி டர்பன்டைன் ஊற்றினாள். ராயப்புவின் கட்டிலுக்குக் குறுக்கே திரை தொங்கிய ஸ்பிரிங்கைக் கழற்றிச் சட்டியின் இரண்டு காதுக்கும் நடுவே இழுத்துக் கட்டினாள். பிரஷ்ஷின் காம்பை ஸ்பிரிங் வளையங்களுக்கு இடையில் செருகினால், மயிர் அடியைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கும். கழுவிய பெயின்ட் ஓட்டை வழியே அடிக்குப் போய் வண்டலாகப் படியும், ராவோடு ராவாக மேலே தெளிந்துவிடும், விடிந்தால் அதே டர்பன்டைனில் திரும்பக் கழுவலாம். வீச்சம் வராமல் மூட மூடியும் இருக்கிறது. இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. காசுக்கும் தெம்புக்கும் தட்டுப்பாடு வந்தால் இப்படியெல்லாம் தோன்றும்.

முதல் நாள் சந்தியாகுவின் வள்ளத்துக்கு அடித்த நீலத்தைக் கழுவினாள். நீலம் ஓட்டைகளில் புகைபோல் இறங்கியது. நீலம் தீர்ந்த பிறகும் ஏதோ இறங்கிக்கொண்டே இருந்தது. பிரஷ்ஷிலிருந்து அல்ல, அவள் விரல்களிலிருந்து, சாம்பல் நிறத்தில், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிக் கலங்கலாக இறங்கியது. முதலில் மணிக்கட்டில் இருந்தது போயிற்று, பிறகு முழங்கையில் இருந்தது, பிறகு தோளில் இருந்தது, கடைசியில் ‘மா’வுக்குக் கால் இழுத்த அன்றிலிருந்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உட்கார்ந்திருந்ததும் கிளம்பி, கை வழியாக நடந்து, விரல் நுனியில் ஒரு நொடி நின்று, சட்டியின் அடிக்குப் போய்ச் சேர்ந்தது. பிலோமி ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும், அது அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

"ஒங்களுக்கும் முக்கி எடுக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே சட்டியைக் கட்டிலருகே கொண்டுபோனாள். ஆங் என்றார் ராயப்பு. "படுத்தே கெடக்க ஆளுக்கு என்ன சடவு வந்துரப்போவுது" என்று சொல்லியபடி, ஓரவஞ்சனை வேண்டாமே என்பதற்காக அவருடைய இடது கையைப் பிடித்து விரல்களை முக்கினாள். கறுப்பாக நூல்போல ஒன்று இறங்கத் தொடங்கியது. அதற்குள் வாசலில் அடுத்த வீட்டுப் பிரகாசி கூப்பிட்டதால், அது எவ்வளவு நேரம் இறங்கியது என்று அவள் பார்க்கவில்லை.

பிரகாசி நண்டு கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி நண்டு உடைத்துச் சதை எடுப்பவள், காலைப்போலவே வாயும் உட்காராமல் பழகியவள். "என்ன மைனி, மொகம் கழுவின மாதிரி இருக்கிய? என்ன சங்கதி?" என்றாள். பிலோமி சட்டியைக் காட்டினாள். பிரகாசி விரலை விட்டாள், அவள் சடவு இறங்கியது, அதில் லேசாக நண்டு வாடைகூட அடித்தது. வெளியே போய் அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்று இன்றுவரை சத்தியம் செய்கிறாள். மறுநாள் காலையில் பிலோமி வாசலில் ஊரே நின்றது.

வலை பின்னுகிறவர்கள் வந்தார்கள், ஐஸ் உடைக்கிறவர்கள் வந்தார்கள், உப்பளத்துக்குப் போகிற பெண்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டே வந்தார்கள், பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிய டீச்சர் வந்தார். ரேஷன் கடையில் பழகிய கை, ஆளுக்கொரு செருப்பையோ செங்கல்லையோ வரிசையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு வந்தார்கள். செங்கல்லைத் தள்ளி வைத்ததற்காக இரண்டு குடும்பம் பேச்சு வார்த்தையை முறித்துக்கொண்டது. கோயில் சாமியார் வீட்டை மந்திரிக்க வந்தவர்போல வந்து ஒற்றை விரலை மட்டும் முக்கினார். கேட்ட பாவசங்கீர்த்தனம் அத்தனையும் அந்த ஒரு விரல் வழியாக இறங்கி முடிய மத்தியானமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாம்பிராணியை மீறி டர்பன்டைன் மணந்தது, பிரசங்கத்தில் யாரும் தூங்கவில்லை, அதனால் சாமியார்தான் கொஞ்சம் தடுமாறினார்.

பிலோமி எல்லோரிடமும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "சாயந்தரம் மூடிட்டா தொறக்கக் கூடாது. அடங்கணும். அடியில படிஞ்சது தட்டத் தொடுற அளவுக்கு வந்திட்டுன்னா நான் வழிச்சு எடுக்கது வரைக்கும் யாரும் கை விடக் கூடாது." அப்படி வழித்தெடுத்ததை ஒரு பெயின்ட் டின்னில் போட்டு வைத்தாள். அழுத்தமான சாம்பல் நிறம், நல்ல பசை. ஓசியில் கிடைப்பதை விடாத சந்தியாகு அதைக் கேட்டு வாங்கிப்போய்த் தன் வள்ளத்தின் அடிப்பக்கம் பூசினான். அதிலிருந்து அந்த வள்ளம் விடிகாலையில் கிளம்பாது; எட்டுப் பேர் தள்ளினாலும் மணலில் பக்கவாட்டில் சாய்ந்துகொள்ளும், வெயில் ஏறிய பிறகு தானாக நிமிர்ந்து தண்ணீருக்குள் இறங்கும். சந்தியாகுவும் அதற்குத் தகுந்தபடி நேரம் கழித்து எழுந்திருக்கப் பழகினான், மீன் என்னவோ குறையவில்லை.

பிலோமிக்குத்தான் முறை வரவில்லை. முதல் நாலைந்து நாள் அவள் வேறு ஆளாக இருந்தாள். ராயப்புவுக்கு முகம் மழித்துவிட்டாள், அவர் தலைமாட்டில் உட்கார்ந்து கரைச் செய்தியெல்லாம் சொன்னாள், சிஸ்டரிடம் போய் வண்டி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு வரிசை நீண்டது. டர்பன்டைன் குறைந்தால் ஊற்றுவதற்கும், வண்டலை வழிப்பதற்கும், செங்கல் சண்டையைத் தீர்ப்பதற்கும் அவள்தான். தன் வீட்டுச் சட்டியில் தன் விரலை விட அவள் வரிசையில் செருப்புப் போட வேண்டியிருந்தது; ஒருநாள் போட்டும் பார்த்தாள், முறை வருகிற நேரம் ராயப்புவைப் புரட்டுகிற நேரமாகப் போயிற்று. ஊருக்கெல்லாம் இறங்கிய சடவு அவளுக்கு மட்டும் பழையபடி ஏறிற்று. சிஸ்டரிடம் போக நினைத்தது நினைத்தபடியே நின்றது. கொடியேற்றத்தன்று வெடிச்சத்தம் கேட்டு ராயப்பு ஆங் என்றபோது, அவள் சட்டென்று அழுதுவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

புனிதரின் சப்பரம் தூக்குகிற அன்று காலையில் வினை வந்தது. தோள் கொடுக்க வேண்டிய ஆட்களும் வழக்கமாக வருகிற பெண்களும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். பிலோமி உள்ளே ராயப்புவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வரிசையில் முதலில் நின்ற, கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை மோட்சம் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "சரியா இழுக்கலியே" என்றார். பெயின்ட் டின்னைக் கலக்காமல் அடிக்கிறவன் எவனும் அந்தக் கரையில் இல்லை, கஞ்சியைக் கலக்காமல் குடிக்கிறவனும் இல்லை, சத்தெல்லாம் அடியில் கிடக்கிறது என்பது அவர்களுக்குப் பால்குடியிலேயே தெரிந்த விஷயம். மோட்சம் இட்லித் தட்டைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, உடைந்த துடுப்புக் கட்டையால் சட்டியை அடிவரைக்கும் சுற்றிச் சுற்றி நன்றாகக் கலக்கிவிட்டார். "இப்ப விடுங்கல" என்றார். எல்லோரும் விட்டார்கள்.

இறங்கியதெல்லாம் ஏறிற்று. அவரவருடையது அவரவருக்கு ஏறியிருந்தால்கூடப் பரவாயில்லை, கைக்கு வந்தது ஏறிற்று. சப்பரம் தூக்கிய பத்தடியில், ஆறடி உயரத்துக்கு வளர்ந்த ஐஸ் கம்பெனிக்காரன் ஒருவன், எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சியின் இடுப்புவலியோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். டீச்சர், நாற்பது வருஷம் உப்பு வாரியவளின் கண்ணெரிச்சலோடு சுவரைத் தடவித் தடவி வந்தார். சந்தியாகுவுக்குச் சாமியாருடைய சடவு வந்து சேர்ந்தது. யார் பேச வாயைத் திறந்தாலும் "போதும் மக்கா, எனக்கு எல்லாந் தெரியும்" என்று காதைப் பொத்திக்கொண்டான். சப்பரம் நடுத்தெருவில் நின்றது. புனிதர் வெயிலில் காத்திருந்தார்.

ஜனங்கள் பிலோமி வீட்டுக்குத் திரும்பி வந்து கத்தினார்கள். "இது என் சடவே இல்ல. என் சடவு முட்டியில இருக்கும், இது கண்ணுக்குப் பொறத்தால இருக்கு!" "எனக்கு வந்தத எவளாவது வாங்கிக்கிடுங்கம்மா, புண்ணியமாப் போவும்." தன்னுடையதைத் தேடி வீடு வீடாகப் போனார்கள், யாரிடம் இருக்கிறதென்று அடையாளமும் கண்டுபிடித்தார்கள், ஆனால் அதைத் திரும்பக் கொடுப்பதற்கு வழி இல்லை, தூங்கி எழுந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், அவ்வளவுதான். அதுவரைக்கும் ஊரான் சடவை உடம்பில் வைத்துக்கொண்டு நடமாட வேண்டியதாயிற்று. ஐஸ் கம்பெனிக்காரன் அந்தப் பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்குப் போய், அவள் தூக்கவிருந்த தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொண்டான். குடம் கனக்கும்போது எங்கே இழுக்கும் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

பிலோமியின் சடவு பிரகாசிக்கு வந்திருந்தது. இது பிலோமிக்குத் தெரியாது. பிரகாசி அதை யாரிடமும் சொல்லவில்லை, அவள் சொல்லாமல் வைத்திருந்த ஒரே சங்கதி அதுவாகத்தான் இருக்கும்.

சப்பரம் ஒருவழியாகக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது, கொடி இறங்கியது, வளைவிளக்குகளைக் கழற்றினார்கள். மறுநாள் வண்டி வருகிற நாள். பிலோமி காலையிலேயே ராயப்புவின் வேட்டிகளை மடித்து ஒரு பையில் வைத்தாள், வைத்துவிட்டு அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அவர் கண்ணை மூடியிருந்தார். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. இட்லிச் சட்டியை எடுத்து, மிச்சமிருந்த டர்பன்டைனை வடித்துவிட்டு, அடியில் ஒட்டிக்கிடந்ததைப் வள்ளத்துக்குப் பட்டி பூசுகிற தகட்டால் சுரண்டத் தொடங்கினாள். மோட்சத்தின் துடுப்புக்கும் அசையாத சட்டி வைத்த முதல் நாளின் படிவு அது, கறுப்பாக, தார் மாதிரி இறுகிக் கிடந்தது. தகட்டுக்கு வராததை நகத்தால் சுரண்டினாள். நகக்கண்ணில் ஏறிற்று.

ஏறிய வேகத்தில் கால் மடங்கி, கட்டிலோரத் தரையில் மல்லாந்து விழுந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை தெரிந்தது, அதில் மழை ஒழுகிய கறை தெரிந்தது, அந்தக் கறையை அவள் முன்பு ஒருதடவைகூடப் பார்த்ததில்லை, ஆனால் அதன் ஒவ்வொரு வளைவும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. மூக்கில் உட்காருகிற ஈயைப் பார்த்துக்கொண்டே கிடக்கிற சடவு அவளுக்குத் தெரிந்தது. வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தத்தை வைத்தே இன்றைக்குக் கோபமா அழுகையா என்று கண்டுபிடிக்கிற சடவு தெரிந்தது. அழுக்கைத் துடைக்கிற கைக்கு உதவியாக ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல் கூரையைப் பார்க்கிற சடவு, வேண்டாம் என்று சொல்ல நினைத்தபோதெல்லாம் வாயிலிருந்து ஆங் என்று வந்து விழுகிற சடவு, எல்லாம் வரிசையாக அவள் உடம்பில் ஏறி உட்கார்ந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் கடைசியாக, சின்னதாக, கல் மாதிரி ஒன்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே இரண்டு பொம்பளைகள் பேசியதை ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டு, அவளுக்குச் சங்கடமாக இருக்க வேண்டாமென்று, தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக் கிடந்த சடவு அது.

"அன்னைக்கே கேட்டுட்டியளா?" என்றாள் பிலோமி, கூரையைப் பார்த்தபடி.

"ஆங்."

"கேட்டுட்டுத்தான் இப்பிடி ஒண்ணுந் தெரியாத மாதிரிக் கெடந்தியளா?"

"ஆங்."

படுத்தே கிடக்கிற ஆளுக்கு என்ன சடவு என்று தான் கேட்டது ஞாபகம் வந்து, வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. கட்டிலிலிருந்து அவருடைய இடது கை தொங்கி, தேடித் தேடி, அவள் தலையில் நீலப் பெயின்ட் காய்ந்து கட்டியான மயிரில் வந்து நின்றது. அங்கேயே கிடந்தது. தெருமுனையில் வண்டி வந்து ஹாரன் அடித்தது.

வருஷக்கணக்கில் யாரும் பதிலுக்குக் காத்திருந்து அவரை ஒன்றும் கேட்டதில்லை. பிலோமி கேட்டாள். "அங்க போறியளா?"

சத்தம் வரவில்லை. அவர் வாயைத் திறக்கப் போவதும், திறந்தால் என்ன வந்து விழும் என்று தெரிந்து இறுக்கி மூடுவதும் தரையில் கிடந்த அவளுக்குத் தெரிந்தது. ஹாரன் இரண்டாம் தடவை அடித்தது.

"சொல்லுங்க. போறியளா?"

ராயப்பு உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டார். நெற்றி நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று, ஆங் மட்டும் வெளியே வரவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு பிரகாசி உள்ளே வந்தாள். கம்பெனி ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை, கையெல்லாம் நண்டு வாடை. தரையில் கிடப்பவளைத் தாண்டிக்கொண்டு நேராகக் கட்டிலுக்குப் போனாள். "உச்சி ஆச்சில்லா, அண்ணனப் பொரட்டாண்டாமா? எனக்கு முதுகு நேத்தையிலேர்ந்து நேரம் நேரத்துக்குச் சொல்லிக்கிட்டே இருக்கு. பாழாப்போற சடவு, நண்டு ஒடைக்க விடுதா? மூணு மணிக்கு டீச்சர வரச் சொல்லியிருக்கேன், எனக்கு ஷிப்ட் இருக்கு" என்று கத்திக்கொண்டே, அவர் தோளுக்கு அடியில் ஒரு கையையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையையும் பிலோமி கொடுக்கிற அதே இடத்தில் கொடுத்து, ஒரே தூக்கில் புரட்டிப் படுக்கவைத்தாள். பிறகுதான் கீழே பார்த்தாள். "நீங்க என்னத்துக்கு மைனி அங்கன கெடக்கிய?"

"இவிய சடவு எனக்கு ஏறிட்டு" என்றாள் பிலோமி. "எந்திக்க முடியல."

"ஏறினா ஏறட்டும், தூங்கினா எறங்கிரும். வெளிய சிஸ்டர் வண்டி நிக்கே, டிரைவர் சத்தம் போடுதான், என்ன சொல்லட்டும்?"

"இவிய வரலியாம்னு சொல்லு" என்றாள் பிலோமி.

பிரகாசி போய்ச் சொன்னாள், தெருவே கேட்கும்படி சொன்னாள். வண்டி கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றது, பிறகு பின்பக்கமாகவே ஊர்ந்து தெருவை விட்டுப் போயிற்று. ராயப்பு உதட்டை விட்டுவிட்டு மூச்சு வாங்கினார். அவர் கை திரும்பவும் தேடி வந்து அவள் தலையில் இருக்க, பாதி சுரண்டிய இட்லிச் சட்டி பக்கத்தில் திறந்தபடி கிடக்க, பிலோமி தரையிலேயே தூங்கிப்போனாள்.